கேந்தி நிறப் பட்டை

என் ஸ்டூடியோவுக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது மைக்கை அல்ல, திரையைத்தான். அப்படிப் பார்க்க வைத்திருக்கிறேன். பாட்டுப் பதிவு செய்யும் மென்பொருள் எல்லோரிடமும் இருக்கிறது. வாங்கின நாளில் எந்த நிறத்தில் இருந்ததோ அதே நிறத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். எனக்கு அது ஆகாது. பின்னணியைக் கருநீலமாக்கி, பொத்தான்களை ஒவ்வொன்றாக நானே வரைந்து, ஒலி ஏறி இறங்குவதைக் காட்டும் கம்பிக்கு மட்டும் பதினொரு பச்சைகளை மாற்றிப் பார்த்துப் பன்னிரண்டாவதில் திருப்தியானவன் நான். அதைப் படம் பிடித்து, இந்த மாதிரிக் கிறுக்கர்கள் உலகமெங்குமிருந்து கூடும் ஓர் இணையக் குழுவில் போட்டேன். முந்நூறு பேர் கைதட்டினார்கள். என் பாட்டுகளுக்கு அவ்வளவு பேர் ஒருநாளும் கைதட்டினதில்லை.

"கலர் மாத்தற நேரத்துல ரெண்டு பாட்டு முடிச்சிருக்கலாம், தெரியுமோ?" என்பாள் என் மனைவி சாவித்ரி. தெரியும். தெரிந்துதான் செய்கிறேன்.

ஸ்டூடியோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. திருவனந்தபுரம் ஆரியசாலையில், எவர்சில்வர் பாத்திரக் கடையின் மாடியில் ஓர் அறை. கீழே குடத்தை யாராவது கைதவறிப் போட்டால் மேலே பாட்டு நின்றுவிடும். அந்தக் கடையில் சேல்ஸில் நிற்கிறவள்தான் பூமாரி. பூவுக்குப் பேர்போன தோவாளைக்காரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் சரக்கு அடுக்கிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தவளை, மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு, மேலே கூப்பிட்டு மைக்கின் முன் நிறுத்தினேன். அன்றிலிருந்து எனக்கு ட்ராக் பாடுகிறாள்.

ட்ராக் பாடுவது என்றால் இதுதான். பெயர் பெற்ற பாடகி வருவதற்கு முன்னால், பாட்டு எப்படிப் போகிறது என்று காட்ட வேறொருவர் முழுவதும் பாடி வைப்பார். அந்தப் பாடகி வந்து, அதைக் காதில் மாட்டிக் கேட்டுப் படித்துக்கொண்டு, தான் பாடிவிட்டுப் போவார். பிறகு முதல் குரலை எடுத்துவிடுவோம். எங்களுக்கு வரும் பாடகி ஸ்ரீலட்சுமி. மலையாள பக்திப் பாட்டில் நல்ல பெயர். பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் பொங்காலைக்குத் தெற்கேயிருந்து தமிழ்ப் பெண்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவதால், தயாரிப்பாளர் நவநீத் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தமிழ்ப் பாட்டும் போடுவார். ஸ்ரீலட்சுமிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பூமாரி பாடினதைக் கேட்டுத்தான் பாடுவார்.

ஒவ்வொரு குரலும் வாத்தியமும் திரையில் ஒரு நீளப் பட்டையாக விழும். அதற்கெல்லாம் என் ராஜ்யத்தில் நிறச் சட்டம் உண்டு. தாளத்துக்குக் காவி, குழலுக்கு இலைப்பச்சை, பாடகிக்கு மஞ்சள். கடைசியில் நிற்கப்போகாத எதுவும் சாம்பல். அதற்கென்று நானே ஒரு பொத்தான் செய்து, அதன் மேல் குட்டித் துடைப்பம் ஒன்றை வரைந்து வைத்திருந்தேன். பாட்டை முடித்து அனுப்பும் முன் அதை ஒரு தட்டுத் தட்டினால், சாம்பல் பட்டைகள் அத்தனையும் வாயடைத்து, கண்ணிலிருந்தும் மறைந்துவிடும். அந்தத் துடைப்பத்துக்குத்தான் இணையக் குழுவில் ஏகப்பட்ட பாராட்டு.

இந்த வருஷப் பொங்காலைப் பாட்டைப் பாடி முடித்து, தண்ணீர் குடித்துக்கொண்டே பூமாரி திரையைப் பார்த்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டா? எல்லாத்துக்கும் கலர் கலரா போட்டிருக்கியளே, எனக்கு மட்டும் என்னத்துக்கு அடுப்புச் சாம்பல்?"

"அது ஓர் அடையாளத்துக்கு."

"என்ன அடையாளம்?"

எடுத்தெறிவதற்கான அடையாளம் என்று எப்படிச் சொல்வது? "சும்மாதான்" என்றேன்.

அவள் டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரு கேப்பாரு. ஆறு வருசமா பாடுத, ஒரு பாட்டாவது வெளிய கேட்டிருக்கா, ரூமுக்குள்ள பாடி ரூமுக்குள்ளயே கூட்டித் தள்ளிருவாங்களான்னு. அவரு நம்பல்லண்ணா. நான் மாடில என்ன செய்யுதேன்னு அவருக்கு ஒரு இது. வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, ஆனா இருக்கு. ஒரே ஒரு பாட்டு எனக்க குரல்ல வெளிய கேட்டாப் போதும். காது குளுரக் கேட்டுட்டு, அதுக்குப் பொறவு ஒண்ணும் கேக்க மாட்டாரு."

அவள் கணவன் லிங்கத்தை எனக்குத் தெரியும். விழிஞ்ஞத்தில் துறைமுக வேலையில் கம்பி கட்டுகிறான். கெட்டவன் இல்லை. நியாயமாக நான் செய்திருக்க வேண்டியது, நவநீத்திடம் பேசி அவளுக்கு ஒரு பாட்டு வாங்கித் தருவது. நான் செய்தது என்ன தெரியுமா? "சரி, உனக்கு என்ன கலர் வேணும்?" என்று கேட்டேன்.

"எங்க ஊரு கேந்திப்பூ கலரு." செண்டுமல்லியைத்தான் அப்படிச் சொன்னாள்.

நிறப்பெட்டியைத் திறந்து, அவள் "இன்னும் கொஞ்சம் செவப்பு, ஆங், போதும்" என்று சொல்லச் சொல்ல, அசல் கேந்திப்பூ நிறத்தைப் பிடித்து அவள் பட்டைக்குப் பூசினேன். அவள் முகம் மலர்ந்தது. எனக்கும் பெரிய தருமம் பண்ணின திருப்தி.

அடுத்த வாரம் ஸ்ரீலட்சுமி வந்து பாடிவிட்டுப் போனார். அவர் ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை பாடுவார். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் குரல் தடிக்கும். இந்தத் தடவை வழக்கத்தைவிட அழகாகத் தடித்திருந்தது. நான் என் கைத்திறன் என்று நினைத்துக்கொண்டேன். துடைப்பத்தைத் தட்டினேன். திரையில் ஒரு சாம்பல் கூட இல்லை. ரொம்பச் சுத்தம். அப்படியே அனுப்பிவிட்டேன். காது இருக்கக் கண்ணால் பாட்டுக் கேட்கிறவன் வேறு என்ன செய்வான்?

பாட்டு வெளியான மறுநாள் காலை பூமாரி மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி. அதைக் கீழே வைக்கக்கூட மறந்திருந்தாள்.

"அண்ணா, கடையில மொதலாளி போன்ல அந்தப் பாட்டு போட்டாரு. அதுல நான் இருக்கேன்!"

"நீயா?"

"அந்த மூணாவது வரி 'அம்மா'ன்னு மேல ஏறுதுல்லா, அதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்பேன். அந்த மூச்சு இருக்கு. அதுக்குப் பொறவு அவியளுக்குக் கீழ நான் போறேன், கடைசி வர போறேன். எனக்கத் தொண்டை எனக்குத் தெரியாதாண்ணா?"

திறந்து பார்த்தேன். ஸ்ரீலட்சுமியின் இரண்டு மஞ்சள் பட்டைகளுக்கு நடுவில், கேந்திப்பூ நிறத்தில், சமர்த்தாக உட்கார்ந்திருந்தது அவள் குரல். துடைப்பத்துக்குச் சாம்பலைத்தானே தெரியும்? அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"யாருகிட்டயும் சொல்லாண்டாம்ணா" என்றாள். "பேரு ஒண்ணும் வேண்டாம். அது அங்கன கெடக்கட்டும். பொங்காலைக்கு அவருக்கு லீவு. பழவங்காடியில அடுப்புப் போடுவோம்லா, அங்க கண்டிப்பா இந்தப் பாட்டுப் போடுவாங்க. அவரைக் கேக்க வைக்கேன். அது போதும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டிருப்பது. இருபது வருஷமாக நான் நன்றாகச் செய்துவந்த ஒரே வேலை.

ஆனால் அவள் இறங்கிப் போனதும் எனக்குள் எங்கிருந்தோ ஒரு தர்மாவேசம் வந்தது. கேட்கிறவர்கள் எல்லாம் அந்த 'அம்மா' ஏறும் இடத்தைத்தான் சொல்லிச் சொல்லிப் புகழ்கிறார்கள். அதில் பாதி இவளுடையது. ஒரு சின்ன எழுத்திலாவது 'உடன் பாடியவர் பூமாரி' என்று போட்டால் யார் குடி முழுகிவிடும்? போனை எடுத்து நவநீத்தைக் கூப்பிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்காகப் பேசினேன். நடந்ததைச் சொல்லி, பெயரைக் கேட்டேன்.



"சேட்டா, இது என்ன பணியா செஞ்சது?" என்றார் நவநீத். "ஸ்ரீலட்சுமி சேச்சி அறிஞ்சா என்னை விட்டு வைக்க மாட்டாங்க. பாட்டுல வேற ஆளோட சப்தம்! இப்பத்தன்னே அதை எடுத்துக் களயணும். நான் பழையதை டெலிட் செய்து புதுசு போடறேன். பொங்காலைக் கமிட்டிக்காரங்களுக்கு எல்லாம் வேற பென்டிரைவ் கொடுத்து விடறேன்."

"இல்ல நவநீத், கேக்க நல்லாத்தானே இருக்கு..."

"நல்லது கெட்டது அல்ல சேட்டா பிரச்னை. அரை மணிக்கூர்ல அனுப்பணும்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. கேந்திப் பட்டையைத் தேர்ந்தெடுத்து மறுபடி சாம்பலாக்கித் துடைப்பத்தைத் தட்டினேன். போய்விட்டது. பாட்டைப் போட்டுக் கேட்டேன். கொஞ்சம் மெலிந்திருந்தது, அவ்வளவுதான். புதிதாக ஏற்றிய பாட்டின் கீழும் அந்த 'அம்மா' இடத்தைப் புகழ்ந்துதான் எழுதினார்கள். ஒருவர்கூட வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். பொங்காலைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. இரண்டு தடவை கடை வாசல்வரை போனேன். "என்னண்ணா?" என்று அவள் சிரித்தபடி கேட்டதும் "ஒண்ணுமில்லை" என்று திரும்பி வந்தேன். அந்த நான்கு நாளும் மேலே உட்கார்ந்து திரைக்குப் புதுத் தீம் ஒன்று செய்தேன். பின்னணி முழுவதும் கரும்பச்சை. நன்றாகவே வந்திருந்தது.

பொங்காலையன்று காலை நானும் பழவங்காடிக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. அவளிடம் கடைசி நிமிஷத்திலாவது சொல்லிவிடலாம் என்றா, அல்லது அந்த நேரம் வேறு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும் என்ற நப்பாசையா? ரோட்டின் இரு பக்கமும் செங்கல் அடுப்புகள், கண்ணைக் கரிக்கும் ஓலைப் புகை, கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர். பூமாரி ஒரு பூட்டிய கடையின் முன்னால் அடுப்பு வைத்திருந்தாள். பக்கத்தில் லிங்கம், சலவைச் சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும், "வாங்க சார். இவ ரெண்டு நாளா ஒறங்க விடல்ல. என்னமோ கேக்கணுமாம்" என்றான்.

நான் வாயைத் திறக்கும் முன் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

பூமாரி அகப்பையைப் பானையின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். லிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப இல்ல, மூணாவது வரி. கேளுங்க, கேளுங்க." முதல் வரி போயிற்று. இரண்டாவது வரி. அவள் உதடு கூடவே அசைந்தது. மூன்றாவது வரி வரும் இடத்தில் அவள் தன்னையறியாமல் மூச்சை இழுத்தாள். ஸ்பீக்கரில் அந்த மூச்சு இல்லை. 'அம்மா' என்று தனியாக ஏறியது ஸ்ரீலட்சுமியின் குரல்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது, போகவில்லை. தலை மட்டும் கொஞ்சம் சாய்ந்தது, இன்னும் கவனமாகக் கேட்டால் கிடைத்துவிடும் என்பதுபோல. அந்த வரி இரண்டாம் முறையும் வந்தது. அப்போதும் இல்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"எங்க புள்ள? எது?" என்றான் லிங்கம்.

"இந்தா, இதுதான்" என்றாள் பூமாரி. ஸ்பீக்கரைக் கை காட்டினாள். "மேல போகுதுல்லா, இந்தக் குரலுதான்."

"நீயா?"

"நான்தான்."

லிங்கம் கட்டியிருந்த கையை எடுத்துவிட்டான். பாட்டு முடியும்வரை அசையாமல் நின்று கேட்டான். எனக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. பாட்டு முடிந்ததும் அவன், "எம்மாடி, என்ன கொரலு! நான் என்னமோ நெனச்சுட்டு இருந்தேன் பாத்துக்க" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது, புகையால் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "ரொம்ப நன்றி சார்" என்று இரண்டு கையாலும் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன்.

பானை பொங்கியது. சுற்றிலும் பெண்கள் குலவையிட்டார்கள். பூமாரி குனிந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குலவையிடவில்லை.

அவள் இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து அடுத்த பாட்டுக்குச் சொல்லி அனுப்பியபோது வந்துவிட்டாள். நான் என்னென்னவோ சொல்லத் தயாராக இருந்தேன். அவள் கேட்கவில்லை.

"அவரு அந்தப் பாட்டத்தான் போன்ல ரிங்டோனா வச்சிருக்காரு" என்றாள், தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டே. "யாரு கூப்பிட்டாலும் உடனே எடுக்க மாட்டாரு. அந்த வரி முடியட்டும்னு எல்லாரையும் கேக்க வைப்பாரு. வீட்டுல வச்சு ஒரு நாளைக்குப் பத்து வாட்டி அடிக்குது."

"பூமாரி..."

அவள் திரையைப் பார்த்தாள். அவளுக்கான புதுப் பட்டையை, என்னால் ஆன பிராயச்சித்தமாக, காலையிலேயே கேந்திப்பூ நிறத்தில் போட்டு வைத்திருந்தேன்.

"அதைப் பழைய மாதிரி சாம்பலாக்கிருங்கண்ணா" என்றாள். "அப்பத்தான் மறக்காம எடுத்துப் போடுவிய."

மாற்றினேன். ஒரு நொடி வேலைதான். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாடட்டுமா?" என்று கேட்டாள். நான் பதிவுப் பொத்தானை அழுத்தினேன்.