பாலத்தில் மட்டும் வரும் சத்தம்

"டோல் வந்துடுச்சும்மா. அப்பாகிட்ட பேசிக்கிட்டே இருங்க, தூங்க விட்டுடாதீங்க," என்றான் சற்குணம். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தான்.

பின்சீட்டில் கால்களை மடக்கிப் படுத்திருந்தார் சிவகுருநாதன். தலை மனைவி ஞானாம்பிகையின் மடியில். சாயங்காலத் தேநீரைப் பாதி குடித்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும், மகன் யோசிக்கவே இல்லை, தூக்கிக் காரில் போட்டுவிட்டான். அவருக்கு வைத்தியம் பார்க்கும் இதய டாக்டர் பினாங்குத் தீவில் இருந்தார். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

டோல் கூண்டிலிருந்த பெண் குனிந்து பின்சீட்டைப் பார்த்தாள்.

"சாக்கிட் கா?" உடம்புக்கு முடியலையா என்று கேட்டாள்.

"பாப்பா சாயா," என்றான் சற்குணம். அப்பா என்று மலாயில் சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது.

"ஜாலான், ஜாலான்! செப்பாட்!" என்று, சீக்கிரம் போகச் சொல்லி அவள் கையை வீசினாள்.

ஞானாம்பிகையின் மணிக்கட்டைச் சிவகுருநாதன் பிடித்திருந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் நாலு பேர் பார்க்க ஒருநாளும் தொடாத கை. டோலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அந்தப் பிடி தளர்ந்தது. ஒரு மூச்சு நீளமாக வெளியே வந்தது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள், வரவில்லை. மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தாள். குனிந்து, "என்னங்க," என்று காதுக்குள் கூப்பிட்டாள். தன் தாயையும் மாமியாரையும் கடைசி நேரத்தில் இதே போல மடியில் வைத்திருந்தவள் அவள். யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கண்ணாடியில் மகன் முகம் தெரிந்தது, நெற்றியெல்லாம் வியர்வை. பக்கத்தில் லாரி, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல். சொன்னால் திரும்பிப் பார்ப்பான். வாயை மூடிக்கொண்டாள்.

கார் பாலத்தின் மேட்டில் ஏறத் தொடங்கியது. சற்குணம் மினியாக் பெடலை அழுத்தினான். அப்போதுதான் அந்தச் சத்தம் எழுந்தது. கொதிக்கத் தொடங்கிய கெண்டியின் விசில் போல மெல்ல ஆரம்பித்து, ஏற ஏற உயர்ந்துகொண்டே போயிற்று.

இந்தச் சத்தத்துக்காக அந்த வீட்டில் மூன்று மாதம் நடந்த வழக்கு கொஞ்சமல்ல. நில ஆபீசில் கிளார்க்காக இருந்து, வாழ்நாள் முழுக்க எதற்கும் அவசரப்படாத மனுஷன், ஓய்வு பெற்றதும் யாரையும் கேட்காமல் வாங்கி வந்தது இந்தப் பழைய டர்போ கார். "ஒரு சத்தம் வருது," என்பார். எங்கே என்றால், "பாலத்துல." வேறெங்கும் வராதா? வராது. எப்படிப் போகும்போது வருகிறது என்றால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். மெக்கானிக் பழனியப்பன் பட்டறையில் நிறுத்தி, ஓடவிட்டுக் காது வைத்துப் பார்த்தான், ஒன்றுமில்லை. சற்குணமும் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தான். "வயசானா காது இரையும்பா. டாக்டர்கிட்ட காதைக் காட்டுங்க," என்றான். ஞானாம்பிகை கூடச் சிரித்தாள். அன்றிலிருந்து மனுஷன் சத்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அம்மா!" என்று கத்தினான் சற்குணம். "கேக்குதாம்மா? அப்பா! சத்தம் வருதுப்பா! நீங்க சொன்னது சரிதான்பா, நான்தான் மடையன்! அம்மா, அப்பாவுக்குக் கேக்குதா? கேளுங்கம்மா!"

அவள் மடியைப் பார்த்தாள். கார் குலுங்கியதில் அவர் தலை இலேசாக ஆடியது.

"கேக்குதாம்பா," என்றாள். "தலைய ஆட்டுறாரு."

சற்குணம் அழுதுகொண்டே சிரித்தான். "நாளைக்கே பழனியப்பன்கிட்ட விடுறேன்பா. கொஞ்சம் பொறுத்துக்கங்க, வந்துட்டோம்."

அந்தத் தலை உருண்டுவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள் ஞானாம்பிகை. அழுதால் தெரிந்துவிடும். பாலம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்.

"பாலத்துல தலைய ஆட்டினாரே டாக்டர்! அம்மாவைக் கேளுங்க!"

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

மறுநாள் சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சற்குணம் இதையேதான் சொன்னான். அப்பா கடைசியாக அந்தச் சத்தத்தைக் கேட்டார், நான் ஒப்புக்கொண்டதும் தலையை ஆட்டினார். சொல்லச் சொல்ல அவன் முகம் தெளிந்தது. நாத்தனார் யோகம்மா ஞானாம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் மனசு நிறைஞ்சுதான் போயிருக்காரு, இல்லண்ணி?" என்று கேட்டாள்.

"ம்," என்றாள்.

தகனம் முடிந்து ஆண்கள் திரும்பியதும் பழனியப்பன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் காரின் பானெட்டைத் திறந்தான். சற்குணம் போய் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரத்தில் இருவரும் ஒரு கறுப்பு ரப்பர் குழாயோடு உள்ளே வந்தார்கள். பழனியப்பன் அதை வளைத்துக் காட்டினான். அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

"டர்போவுலேருந்து இன்ஜினுக்குக் காத்து போற ஹோஸ் இது அக்கா. சும்மா நிக்கும்போது மூடிக்கிட்டு இருக்கும். நல்லா அழுத்தி ஓட்டி, காத்து ஏறினாத்தான் பிளந்துக்கிட்டு விசிலடிக்கும். பட்டறைல எப்படிக் கேக்கும்?"

"அப்பா அறுபது ஸ்பீடைத் தாண்ட மாட்டாரே?" என்றான் சற்குணம்.

"யாரு சொன்னா? நூத்துக்கு மேல போகாம இந்தச் சத்தம் வராது தம்பி. ஐயா தனியாப் போறப்ப பாலத்துல நல்லா விட்டிருக்காரு லா!"

சாவு வீடென்றும் பாராமல் யோகம்மா சிரித்துவிட்டாள். ஞானாம்பிகைக்கோ கோபம் வந்தது. பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தால் சைக்கிள்காரன் கூட முந்திப் போவான், அப்படி ஓட்டுகிற மனுஷன்! தெரிந்தால் சாவியைப் பிடுங்கிக்கொள்வாள் என்றுதானே வாயைத் திறக்கவில்லை. கோபத்தோடு கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முந்தைய நாளிலிருந்து வராத அழுகை வந்தது.

மறுநாள் காலை சாம்பல் கரைக்கப் புறப்பட்டார்கள். பெண்கள் போகும் வழக்கமில்லை. ஞானாம்பிகை யாரையும் கேட்கவில்லை, பின்சீட்டில் அதே மூலையில் ஏறி உட்கார்ந்து, வெள்ளைத் துணி கட்டிய கலயத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பட்டர்வொர்த் கரைதாம்மா கிட்ட," என்றான் சற்குணம்.

"பாலம் தாண்டிப் போவோம்பா."

டோல் போயிற்று. மேடு வந்தது. புதுக் குழாய் போட்ட கார் சத்தமில்லாமல் ஏறியது.

"பாத்தீங்களாம்மா? விசிலே இல்ல."

"இன்னும் கொஞ்சம் அழுத்து."

"தொண்ணூறு போகுதும்மா."

"அழுத்துப்பா."

முள் நூறைத் தாண்டியது. காற்றின் இரைச்சல் மட்டும்தான். சற்குணம் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான்.

"அம்மா, அன்னிக்கு அப்பா நெஜமாவே தலைய ஆட்டினாருல்ல?"

கார் குலுங்கியது. கலயம் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள் ஞானாம்பிகை.

"ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா," என்றாள்.