கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம்

பெனிக்னோ தன் கடை ஷட்டரை இறக்கியபோது ஊரில் பாதிப் பேர் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். சாவு விழுந்தாலொழிய மூடாத கடை அது. காலையில் காபி, பத்து மணிக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் போட்ட தோர்த்தியா அடை, மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் ஒயினும் சீட்டாட்டமும் என்று, சமோரா நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊர் இந்தக் கடைக் கவுண்ட்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் வளர்ந்தது. 'ஒரு வாரம் கடை இல்லை' என்று ஷட்டரில் ஒட்டியிருந்த தாளைத் தபால்காரர் படித்துவிட்டுப் பதறிப் போனார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஊர் சுத்தப் போறோம்," என்றாள் காசில்டா, பெனிக்னோவின் மனைவி. கையில் புதுப் பெட்டி, கழுத்தில் புது ஸ்கார்ஃப், முகத்தில் போருக்குப் போகிறவளின் களை.

போர்தான். இவர்களுக்குக் கல்யாணமானபோது தேனிலவுக்குச் சாலமாங்காவுக்குப் போனார்கள். போன இடத்தில் திருவிழா. ஒரு கடையில் கூட்டம் தாங்காமல் ஒரு மனிதன் தவிப்பதைப் பார்த்தான் பெனிக்னோ. "ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனவன், கடை காலியான பிறகுதான் ஈரக் கையோடு வெளியே வந்தான். புதுப் பெண் வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கதையை அவள் இன்றைக்கும் நேற்று நடந்ததுபோல் சொல்வாள். அதற்கப்புறம் பயணமே கிடையாது. காபி மெஷினுக்கு மேலே, காபிப் பொடிக் கம்பெனிக்காரன் எந்தக் காலத்திலோ கொடுத்த காலண்டர் தொங்கியது. அதில் கிரானடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனை, அதன் சிங்க முற்றம். காலண்டரின் வருஷம் போய் எவ்வளவோ காலம் ஆகியும் அவள் அதைக் கழற்ற விடவில்லை. ஆவி பட்டுப் பட்டு ஒரு பக்கத்துச் சிங்கங்கள் மஞ்சளாகிவிட்டன. "ஒரு நாள் போறோம்," என்பான் பெனிக்னோ. அந்த ஒரு நாள் வருவதாக இல்லை.

போன குளிர்காலத்தில் பக்கத்து மருந்துக்கடைக்காரர் கடை இடத்தை விலைக்குக் கேட்டார். இடமோ காசில்டாவின் அப்பா வழியாக வந்தது, அவள் பேரில் இருப்பது. அவருக்குப் பதில் சொல்லும் முன் அவள் பெனிக்னோவை உட்கார வைத்துத் தெளிவாகச் சொன்னாள்.

"ஒரு வாரம் என்கூட வா. என் புருஷனா மட்டும் வா. போற வழியில எந்தக் கடையிலயாவது கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் கால வெச்சே, திரும்பி வந்த அன்னிக்கே சாவிய மருந்துக்கடைக்காரர்கிட்ட குடுத்துருவேன். வெக்கலேன்னா கடை உனக்கு."

"இவ்வளவுதானா? இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிரித்துக்கொண்டே சத்தியம் பண்ணிக் கொடுத்தான் அவன். சிரித்தானே தவிர, உள்ளுக்குள் பயம்தான். கடை போனால் காலையில் எழுந்து எங்கே போவது என்று அவனுக்குத் தெரியாது.

தொலேதோவிலேயே சோதனை ஆரம்பமாகிவிட்டது. மலைமேல் ஊர், தெருவுக்குத் தெரு ஏற்றம். பெரிய மாதா கோயிலை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்து, சதுக்கத்தில் ஒரு மேஜையைப் பிடித்து உட்கார்ந்தார்கள். பரிமாறுகிறவன் ஒரு கப்பைக் கொண்டு வந்தான். திரும்பிப் போய் இன்னொரு கப்பைக் கொண்டு வந்தான்.

"ஒரு கையில ஒரே ஒரு கப்பு!" பெனிக்னோ பல்லைக் கடித்தான். "திரும்பிப் போறப்ப வெறுங்கை! பக்கத்து மேஜையில எச்சித் தட்டு மலையா கெடக்கு, கண்ணு தெரியலையா அவனுக்கு?"

"பெனிக்னோ."

"நான் ஒண்ணும் சொல்லலியே. பெருமூச்சு விட்டேன். அதுக்கும் தடையா?"

பேசிக்கொண்டே அவன் கைகள் பக்கத்து மேஜைத் தட்டுகளைப் பெரிது கீழே, சிறிது மேலே என்று அடுக்கி முடித்திருந்தன. காசில்டா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"இது இந்தப் பக்கந்தானே?" என்றான் அவன்.

"நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் மனுஷா. குடும்பமாவது உருப்பட்டிருக்கும்."

கோர்தோபாவில் பழைய மசூதிக்குள் நுழைந்தார்கள். தூண், தூண், எங்கே திரும்பினாலும் தூண். அந்த இருட்டிலும் குளிர்ச்சியிலும் காசில்டா கண்களை மூடிக்கொண்டு நின்றாள். பெனிக்னோவும் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு அவள் காதருகில் குனிந்தான்.

"இத்தன தூணுக்கு நடுவுல எப்படிக் கூட்டிப் பெருக்குவாங்க?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காவலாளி வந்து "உஷ்" என்று சொல்லும்படி ஆகிவிட்டது. வெளியே வந்தும் சிரித்தாள்.

ஆனால் அங்கேதான் பெரிய கண்டமும் இருந்தது. எதிர்க்கடையில் தோர்த்தியா தலையணை உயரத்துக்கு உட்கார்ந்திருந்தது. பெனிக்னோ அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். இவ்வளவு பெரிசை எப்படிய்யா உடையாமல் திருப்பிப் போடுகிறான்? சமையற்காரன் ஆளைப் பார்த்ததுமே ஜாதியைக் கண்டுகொண்டான்.

"நீங்களும் கடைக்காரர்தானே? உள்ள வாங்கண்ணே, அடுத்தத இப்பத்தான் திருப்பப் போறேன்."

கவுண்ட்டரின் மடக்குப் பலகையை அவன் தூக்கியே பிடித்துக்கொண்டு நின்றான். பெனிக்னோவின் வலது கால் தானாக எழுந்தது. எழுந்த காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு அவன் திரும்பிப் பார்த்தான். காசில்டா ஆலிவ் ஒன்றை வாயில் போட்டு, நிதானமாக மென்று, கொட்டையைத் தட்டில் துப்பினாள்.

"கால் மரத்துப் போச்சு," என்று சொல்லி, பெனிக்னோ காலை உதறிக் கீழே வைத்தான். அந்தத் தோர்த்தியாவை எப்படித் திருப்புகிறார்கள் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

செவீயாவுக்கு வந்தபோது கொஞ்சம் பழகிவிட்டது. அங்கே கோயில் கோபுரத்தில் படிக்கட்டே கிடையாது, சரிவுப் பாதைதான். அதில் மூச்சு வாங்க ஏறி, உச்சியில் காற்று வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற ஜப்பான்காரப் பெண்ணிடம் கேமராவைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஆற்றங்கரையில் காசில்டா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். யாரோ கிதார் வாசித்தார்கள். அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது. மத்தியானத்திலிருந்து கடை ஞாபகமே வரவில்லை என்று பெனிக்னோவுக்கு அப்போதுதான் உறைத்தது. பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"ஐஸ் மெஷின அணைச்சோமா?" என்றாள் காசில்டா திடீரென்று.

"தாயே, கேட்டது நானில்ல. நீதான் கேட்ட."

"சும்மா கேட்டேன்."

"சும்மாவா? சரி சரி."

கிரானடாதான் கடைசி. காசில்டாவின் அண்ணன் மகள் மாதக்கணக்கில் முன்னாலேயே அரண்மனை டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தாள். அதில் நேரம் போட்டிருக்கிறது. பதினொன்றிலிருந்து பதினொன்றரைக்குள் அரண்மனை வாசலில் நிற்க வேண்டும். தப்பினால் ராஜாவே வந்தாலும் விடமாட்டார்கள். காசில்டா விடிந்ததும் குளித்து, நீலப் பூப்போட்ட கவுனை உடுத்திக்கொண்டாள். டிக்கெட்டை எடுத்துப் பார்ப்பதும் பையில் வைப்பதுமாக இருந்தாள். பத்து மணிக்கே மலைமேல் ஏறியாகிவிட்டது. "இன்னும் நேரம் கெடக்கு, ஒரு காபி குடிப்போம்," என்றவளும் அவள்தான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னக் கடை. உள்ளே ஒரு தாட்டியான மனிதர் காபி மெஷினை முறைத்துக்கொண்டு நின்றார். மெஷின் அவரை முறைத்தது.

"கடை என் மச்சானோடதுங்க," என்றார் அவர், யாரும் கேட்காமலே. பெயர் குஸ்தோடியோவாம். "கல்யாணத்துக்குப் போயிருக்கான். ஒரு நாள் பாத்துக்கன்னான். நான் லாரி ஓட்றவன். இதுல எத அமுக்கினா எது வருதுன்னே தெரியல."

எப்படியோ இரண்டு காபி வந்தது. குடிக்கிற மாதிரிதான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சமயத்தில்தான் வாசலில் பஸ் வந்து நின்றது. அரகோன் பக்கத்து ஓய்வூதியக்காரர்கள். ஒரு பஸ் முழுக்க.

அடேயப்பா, என்ன கூட்டம்! என்ன சத்தம்! எங்கள் ஜனம் காபி கேட்கிற அழகுதான் தெரிந்ததாயிற்றே. ஒருத்தருக்குப் பால் சூடாக, ஒருத்தருக்கு வெதுவெதுப்பாக. ஒருத்திக்குக் கப்பில் வேண்டாம், கிளாஸில். ஒருவருக்குக் கொஞ்சமாகப் பால், அடுத்தவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. ஒரு கிழவருக்குக் காபியில் பிராந்தி, ஆனால் மனைவிக்குத் தெரியக்கூடாது. மனைவி பக்கத்திலேயே நிற்கிறாள்.

குஸ்தோடியோவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பால் பொங்கி வழிந்து அடிப்பிடித்தது. கப் ஒன்று விழுந்து உடைந்தது. பெனிக்னோ இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைக்குள் திணித்து, கண்களை இறுக மூடிக்கொண்டான். 'பார்க்காதே. பார்த்தால் செத்தாய்.' பால் கருகிய வாசனை மூக்கில் ஏறியது. மூச்சையும் அடக்கிக்கொண்டான்.

"ஐயோ கடவுளே, அந்தப் பாலத் தூரக் கொட்டுய்யா!"

குரல் பழக்கமான குரல். பெனிக்னோ கண்ணைத் திறந்தான். பக்கத்து நாற்காலி காலி. காசில்டா மடக்குப் பலகையைத் தூக்கிவிட்டு, கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று, நீலப் பூப்போட்ட கவுனுக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"காசில்டா!"

"ஒரு நிமிஷம்," என்றாள் அவள்.

சாலமாங்காவில் அவன் சொன்ன அதே ஒரு நிமிஷம். அவள் கை மெஷினில் ஓடிய வேகத்தைச் சும்மா சொல்லக் கூடாது, பார்க்கக் கண் கோடி வேண்டும். கப்புகள் வரிசையாக இறங்கின. பிராந்திக் கிழவருக்கும் கண் ஜாடையிலேயே வேலை முடிந்தது. முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

பெனிக்னோ கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று தாண்டிவிட்டது.

"காசில்டா, நேரமாச்சு!"

"இந்தா, இவங்க மட்டும்... நின்னு பாத்துக்கிட்டிருக்கியே, வந்து தட்டக் கழுவேன்!"

"என் சத்தியம்?"

"அத நான் வாபஸ் வாங்கிட்டேன். வா உள்ள!"

அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரு வாரமாக ஏங்கிய இடம், பலகை திறந்தே கிடக்கிறது, கூப்பிடுகிறவளே அவள். உள்ளே போனால் ஜோடியாக வெளுத்து வாங்கலாம். கூட்டம் ஓயும்போது மணி பன்னிரண்டாகும். அந்தச் சிங்கங்கள் காலண்டரிலேயே இருந்துவிடும். காபி மெஷின் ஆவிக்கு நடுவில் அவள் தினமும் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. 

பெனிக்னோ நாற்காலிமேல் ஏறினான். திருவிழாக் கூட்டத்தையே அடக்குகிற தன் கடைக் குரலை எடுத்தான்.

"அரகோன்காரங்களே! உங்கள்ல கடை நடத்தின ஆள் யாராவது இருக்கீங்களா?"

நம்ம நாட்டில் ஒரு பஸ்ஸைக் கவிழ்த்தால் உள்ளேயிருந்து நாலு கடைக்காரர்களாவது விழமாட்டார்களா? சட்டென்று மூன்று கை எழுந்தது. ஒல்லியான ஒரு பெரியவர் அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"பஸ்கால், வேண்டாம்! எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கே!" என்று அவர் மனைவி அலறினாள்.

"ஒரு நிமிஷம்டி," என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே பாய்ந்தார்.

பெனிக்னோ கவுண்ட்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்தே கையை நீட்டிக் காசில்டாவின் மணிக்கட்டைப் பிடித்தான். "வெளிய வா."

"கடை நெறைய ஆளு நிக்குது பெனிக்னோ!"

"நிக்கட்டும். வா."

நிறைந்த கடையை விட்டு அவன் வெளியேறியது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் ஓடினார்கள். அறுபது வயதில் மேட்டில் ஓடினால் எப்படி இருக்கும்! ஒரு இடத்தில் அவள் நின்று விலாவைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் பையையும் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு இழுத்தான். வாசலில் இருந்தவர் டிக்கெட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், காசில்டாவின் இடுப்பைப் பார்த்தார்.

"அம்மா, வேலையாட்கள் அந்தப் பக்க வழியா போகணும்."

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது, ஏப்ரன் இன்னும் இடுப்பில் இருந்தது. மூச்சிரைப்பில் பேச வரவில்லை. "என் சம்சாரங்க. காபி போட்டுட்டு வராங்க," என்றான் பெனிக்னோ. அந்த மனிதர் சிரித்துவிட்டு உள்ளே விட்டார். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களை விடவில்லை.

சிங்க முற்றத்துக்கு வந்ததும் காசில்டா அப்படியே நின்றுவிட்டாள். வெயிலில் வெள்ளைப் பளிங்கு. சுற்றிலும் மெல்லிய தூண்கள், நடுவில் சிங்கங்கள். ஒன்றுகூட மஞ்சளாக இல்லை. ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"தண்ணிச் சத்தம் கேக்குது," என்றாள். "காலண்டர்ல இது தெரியவே இல்ல பாரேன்."

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெனிக்னோ முற்றத்தைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான்.

"கடைய வித்துரலாம் காசில்டா."

அவள் திரும்பினாள். "என்ன சொன்ன?"

"வித்துரலாம். நெஜமாத்தான் சொல்றேன். கூட்டத்த விட்டுட்டு வந்தேன், செத்தா போயிட்டேன்? உன்ன இத்தன வருஷம் ஒரு படத்தப் பாத்துக்கிட்டே நிக்க வெச்சிட்டேனே."

காசில்டா கண்ணைத் துடைக்க ஏப்ரன் முனையை எடுத்தாள். அதில் காபிக் கறை. இன்னொரு முனையால் துடைத்தாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

"இந்த வார்த்தையத்தான் மனுஷா நான் சாலமாங்காவுலேர்ந்து கேக்கக் காத்துக்கிட்டிருந்தேன். கேட்டாச்சு. இனி அத எவன் விப்பான்? மருந்துக்கடைக்காரருக்கு வேற எடமா கெடைக்காது? இன்னிக்கு கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்னப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? பாவி, எனக்கும் உன் வியாதிதான்."

"அது எனக்கு எப்பவோ தெரியும்."

"தெரிஞ்சா வாய மூடிக்கோ. வருஷத்துக்கு ஒரு தடவ ஷட்டர எறக்குறோம். அடுத்த வருஷம் கடல்."

"சரி."

அவள் ஏப்ரனை அவிழ்த்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "போறப்ப இத அந்த லாரிக்காரர்கிட்ட திருப்பிக் குடுக்கணும். நீ வெளியவே நில்லு. நான் ஒரு நிமிஷத்துல குடுத்துட்டு வந்துர்றேன்."

"உன்ன நம்பி உள்ள அனுப்புறதா?" என்றான் பெனிக்னோ. "நீ வெளிய நில்லு. நான் இந்தப் பக்கத்துலேர்ந்தே தூக்கிப் போட்டுட்டு வரேன்."