காலிப் புட்டிக்கு வந்த ரிப்போர்ட்

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் லேப்காரர் மூன்று மாதமாக எந்தக் கர்ப்பிணியின் மூத்திரத்திலும் ஒரு குறையும் கண்டதில்லை. அத்தனை ஆரோக்கியமான ஊர், கண்ணுகளா, உலகத்தில் வேறெங்கும் கிடையாது!

கல்லுடைக்கப் போகும் ஒருத்திக்கு ஆறாம் மாதம். வேலையிடத்தில் ஒதுங்க மறைவில்லை. பொழுது சாயும்வரை அடக்கிக்கொள்வாள். அதற்காகவே தண்ணீரும் குடிக்கமாட்டாள். மூத்திரம் போகும்போது நெருப்பாய் எரிந்தது. இப்போது விலாவில் வலி, குளிர்காய்ச்சல். முதல் பிள்ளையை இப்படியொரு காய்ச்சலில்தான் குறைமாதத்தில் பறிகொடுத்திருந்தாள். இரண்டு முறை புட்டி கொடுத்தாள். இரண்டு முறையும் "நார்மல்". டாக்டரம்மாவும் சீட்டை நம்பி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் முறை நாத்தனாரும் கூட வந்தாள். வாய் கொஞ்சம் நீளம். புட்டியை இறுக மூடி, காகிதம் சுற்றி, அவளே நீட்டினாள். லேப்காரர் பல் குத்திக்கொண்டே அதை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, முத்து முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்: நார்மல்.

"சார், அதைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க."

"பாத்தாச்சும்மா. அடுத்த ஆள்!"

"காகிதமே பிரிக்கல, என்னத்தப் பாத்தீங்க? அது காலிப் புட்டி சார். எங்க அண்ணி குடுத்தது இந்தா, என் பையில பத்திரமா இருக்கு."

வரிசையே சிரித்தது. பிறகு ஒவ்வொருத்தியும் தன் சீட்டைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுபோனது. சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார்.

"மூத்திரத்துல தோய்ச்சுப் பாக்குற ஸ்ட்ரிப் தீந்துபோச்சா?"

"ஒரு டப்பா இருக்கு மேடம். பெரிய ஆபீசர் பார்வையிட வந்தா காட்ட வேணாமா? அதான் பிரிக்காம வெச்சிருக்கேன்."

புத்தியைப் பார்த்தீர்களா! எரிச்சல் ஆபீசருக்கு என்று நினைத்துவிட்டார் போலும்.

டாக்டரம்மா கையை நீட்டினார். சாவி வந்தது, பீரோ திறந்தது. நாத்தனார் பையிலிருந்த புட்டியில் தோய்த்த ஸ்ட்ரிப் இரண்டே நிமிடத்தில் நிறம் மாறியது, மூத்திரத்தில் கிருமி. அன்றே அந்தக் கர்ப்பிணியைப் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். வரிசையில் நின்றவர்களில் இன்னும் நான்கு பேருக்கு நிறம் மாறியது. டப்பாவும் தீர்ந்தது.

அடுத்த மாதம் ஆபீசர் வந்தார். லேப்காரர் வேறு வழியில்லாமல் காலி டப்பாவை எடுத்து வைத்தார். அந்தப் பெரிய மனிதர் அதைத் தொடக்கூட இல்லை. எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

பிள்ளை மாதம் நிறைந்துதான் பிறந்தது, கண்ணுகளா. வரும்போதே அத்தையின் வாயோடு வந்தது.