ஆறு இலக்கம் இறங்கும் சரிவு

ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு மலையக்கா என்று பேர். மலையிலிருந்து வந்தவள், அவ்வளவுதான் காரணம். பேர் வைத்தவர்கள் அதற்குமேல் மெனக்கெடவில்லை. ஏழு வருஷமாக அங்கே படுக்கை விரிப்புகளை மடிக்கிறாள். இஸ்திரி மேடையிலிருந்து எழும் நீராவியில் எதிரே நிற்கிறவளின் முகமே தெரியாது. விரிப்பின் மறுமுனை இழுபடுவதை வைத்துத்தான் ஆள் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த வெண்புகைக்குள் நின்றபடியே அவள் தினமும் ஒரு நடை ஊருக்குப் போய்வந்துவிடுவாள். மேஸ்திரிக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அதற்கும் சம்பளத்தில் பிடித்திருப்பான்.

இன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பணம் அனுப்பும் கடைக்கு வந்திருந்தாள். கூடவே விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் ஜோடிக்காரியும் வந்திருந்தாள். அவளும் அதே மலைதான். அவளுக்கும் அங்கே ஒரு தாய் இருக்கிறாள். செருப்புத் தைக்கிறவருக்கும் போன் உறை விற்கிறவனுக்கும் நடுவில், பக்கவாட்டில் நுழைய வேண்டிய அறை அது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் சில்லறை அண்ணன் என்பார்கள், அவரிடம் ஒருநாளும் சில்லறை இருந்ததில்லை என்பதால்.

இந்தத் தடவை அவள் அனுப்பும் பணம் வீட்டுச் செலவுக்கு இல்லை. மகள் வருகிறாள். புருஷன் போய்ச் சேர்ந்த வருஷம், மூன்று வயதில் நாத்தனாரிடம் விட்டுவந்த பிள்ளைக்கு இப்போது பத்து வயது. நடுவில் இரண்டு தடவை போய்ப் பார்த்ததோடு சரி. போனில் கூப்பிட்டால் பிள்ளை ‘ம்’ என்பதற்குமேல் வாயைத் திறக்காது. அவள் தங்கியிருந்த விடுதியில் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை என்பதால், ஜன்னல் வைத்த ஓர் அறைக்கு முன்பணம் கட்டியிருந்தாள். மலைப் பெண்கள் ஏழு பேர் சேர்ந்த குழுவில் வாங்கிய கடன் அது. மற்ற ஆறு பேரும் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

மலையடி முச்சந்திக்கு வாரம் ஒரே ஒரு பஸ். இன்று இரண்டு மணிக்கு அங்கிருந்து கிளம்பி, மறுநாள் காலையில் இங்கே வந்துசேர்வதுதான் கடைசி. நாளை முதல், மழை முடிகிறவரை மூன்று மாதம் பாதை அடைப்பு. பிள்ளையைக் கூட்டிவரப் போகும் நாத்தனார் வீட்டுக்காரர் முச்சந்தியில் அடையாள அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். டிக்கெட் வாங்க அவர் கையில் காலணா கிடையாது.

“ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது, தெரியும்ல?” என்று சில்லறை அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்.

“எங்க மலைக்கே தெரியும்ணே.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மாதாமாதம் நடக்கிற கூத்துதான் இது.

விஷயம் இதுதான். பணம் அனுப்பினால் நாத்தனாரின் போனுக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதைச் சொன்னால்தான் முச்சந்தியில் கருவி வைத்திருக்கும் முகவர் பணத்தை எடுத்துத் தருவார். அவருடைய கருவிக்குக் கம்பி வழியாக இணைப்பு உண்டு. போனுக்கோ மலை உச்சிப் பாறையில் மட்டும்தான் சிக்னல். பாறையிலிருந்து முச்சந்திக்கு இறங்க ஒரு மணி நேரம் ஆகும். எண்ணின் ஆயுள் பதினைந்து நிமிஷம். இதை வகுத்த புண்ணியவான் சமதரையிலேயே பிறந்து வளர்ந்தவனாக இருக்க வேண்டும்.

மலைக்காரர்கள் யாரிடமும் போய் மூக்கால் அழவில்லை. தொலைந்த ஆடுகளில் எத்தனை கிடைத்தன என்று சரிவுக்குச் சரிவு கூவிச் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். ஐந்துக்கு ஒரு நீளக் கூவல், ஒன்றுக்கு ஒரு குட்டைக் கூவல். எட்டு என்றால் ஒரு நீளம், மூன்று குட்டை. சைபர் மட்டும் புதுசு. அதற்குத் தகரத்தில் ஒரு தட்டு. பாறையில் ஒருவர் கூவ, வளைவுக்கு வளைவு நிற்கிறவர்கள் வாங்கிக் கடத்த, ஐந்தே நிமிஷத்தில் ரகசிய எண் முச்சந்திக்கு இறங்கிவிடும். வழியில் மேய்கிற ஆடு மாடு உட்பட எல்லோருக்கும் அது தெரியும். இத்தனை வருஷத்தில் யார் வீட்டுப் பணமும் களவு போனதில்லை.

அவள் போனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். முதலில் காற்று வந்தது. செருப்புத் தைக்கிறவரின் சுத்தியல் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. அறையின் சுவர்கள் மெல்ல விலகிக்கொடுத்தன. பாதத்தின் கீழே ஈரப் புல் இருந்தது. சத்தியமாக இருந்தது.

“எண் வந்துருச்சு அண்ணி. போனை மடியில வச்சுக்கறேன், நீங்க கேட்டுக்கிட்டே இருங்க,” என்றாள் பாறைமேல் உட்கார்ந்திருந்த நாத்தனார்.

நாத்தனாரின் கூவல் காதைத் துளைத்துக்கொண்டு போனது. நீளம், குட்டை, குட்டை. அதை முதல் வளைவில் தேன் எடுக்கிற கிழவர் வாங்கினார். அவர் கரகரப்பை அவள் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவாள். குரல் பாதை வளைந்த இடத்தில் வளைந்து, மூங்கில் புதரைச் சுற்றிக்கொண்டு இறங்கியது. அவளும் பின்னாலேயே இறங்கினாள். அடுத்தது நடுச் சரிவு. அங்கே நிற்பது புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. ஆனால் வந்தது அவர்கள் குரல் இல்லை. மெலிசாக, நூல்போல, ஆனால் கொஞ்சமும் நடுங்காமல் ஒரு குரல் நீளம் எது குட்டை எது என்று அறுத்து அறுத்துக் கூவியது. அதுவரை மலையில் அவள் கேட்டிராத குரல்.

“நல்லாக் கூவுதே. யாரு அது?” என்று கேட்டாள்.

“என்ன அண்ணி, வெளையாடறீங்களா? உங்க பொண்ணுதான்.”

பெற்ற பிள்ளையின் குரலைக் கேட்டு யார் என்று கேட்டுவிட்டோமே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்து வயதில் ஒரு பிள்ளைக்கு இப்படி ஒரு தொண்டை இருக்கும் என்று அவளிடம் யார் சொன்னார்கள்?

கடைசியாக முச்சந்தியிலிருந்து பணம் கிடைத்த செய்தி கைமாறிக் கைமாறி மேலேறி வந்தது. நாத்தனார் சந்தோஷப்படவில்லை.

“அண்ணி, அந்தப் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போன மாசம் டவுனுக்குப் போயிட்டாங்க. அப்பலேர்ந்து பொடிசுதான் நடுவுல நிக்குது. இன்னிக்கும் பையைக் கட்டி வச்சுட்டு வந்து நிக்குது.”

“வேற யாரும் இல்லையா?”

“மீதி இருக்கறவங்க எல்லாம் நடக்க முடியாதவங்க, இல்லன்னா கைப்புள்ளைங்க. இது போயிட்டா பதினோரு வீட்டுக்கு எண் எறங்காது, பணமும் வராது. மழை முடியட்டும்னா இங்கயே வச்சுக்கறேன். இப்பவே அனுப்புன்னாலும் சரிதான். பெத்தவ நீங்க. பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிக்கிறான், சீக்கிரம் சொல்லுங்க.”

அந்த அறையில் ரகசியம் பேச இடமில்லை. ஜோடிக்காரியின் காதும் போனுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. தன் தாய்க்கு அனுப்ப வேண்டிய பணத்தை அவள் கண்ணாடிக்கு முன்னாலிருந்த பலகைமேல் வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப எங்கம்மாவுக்கு?” என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, சும்மாதான் கேட்டாள்.

கதை கேட்கிறவர்களுக்கு இந்த இடத்தில் தியாகம் பிடிக்கும். மலையக்காவுக்கும் அது தெரியாத வேலை இல்லை. ஆனால் இன்று அவள் வாயிலிருந்து ‘யாரு அது’ என்று வந்துவிட்டது. இன்னும் மூன்று மாதம் விட்டால் முகத்தைப் பார்த்தும் அப்படியே கேட்டுவிடுவோமோ என்று பயந்தாள். தனக்காகக் கையெழுத்துப் போட்ட ஆறு பேரும், அந்தப் பதினோரு வீட்டுக்காரிகள்தான், கண்முன் வரிசையாக வந்து நின்றார்கள். அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பார்த்துவிட்டே சொன்னாள்.

“அனுப்பு.”

நாத்தனார் உடனே சரிவுப் பக்கம் திரும்பினாள். “வண்டி நிக்கட்டும், பொடிசு வருது,” என்று கூவினாள். கிழவர் அதை வாங்கினார். வந்ததை வந்தபடி கடத்த வேண்டும், ஒரு சொல்லும் மாற்றக் கூடாது என்பது அங்கே சட்டம். நடுச் சரிவிலிருந்து அந்த நூல்குரல் எழுந்தது.

“வண்டி நிக்கட்டும்... பொடிசு வருது...”

யாரோ ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோலத் தன்னைப் பற்றியே சொன்னது. இரண்டு தடவை, அவசரப்படாமல்.

“கேட்டுச்சா?” என்று நாத்தனார் வழக்கப்படி கீழே கூவினாள். கிழவர் பதில் கொடுத்தார். அதற்கப்புறம் எதுவும் வரவில்லை.

“நடு எடம் காலி அண்ணி. பொடிசு ஓடுது,” என்றாள் நாத்தனார்.

அவள் போனை வைக்காமல், ஆள் இல்லாத அந்தச் சரிவைக் கேட்டுக்கொண்டே நின்றாள். அங்கே குரல் இல்லாதது அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷமாக இருந்தது. அதை நினைக்க அழுகையும் வந்தது.

“அடுத்தது யாரும்மா?” என்றார் சில்லறை அண்ணன்.

ஜோடிக்காரி பலகைமேல் இருந்த தன் பணத்தை எடுத்து, நிதானமாக மடித்து, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“பொடிசு வர்ற பஸ்ஸு காலையில எத்தனை மணிக்கு வரும்?” என்று மட்டும் கேட்டாள்.