தலைமாட்டுப் பிடி

நாகேந்திரம் நீட்டிய தட்டிலிருந்து யாரும் தேநீர் எடுக்கவில்லை. வாசலில் போட்டிருந்த பிளாஸ்டிக் கதிரைகளை ஒருமுறை சுற்றி வந்தார். "குடிச்சிட்டுத்தான் வந்தனாங்கள்" என்றார் ஒருவர். மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை. மனைவி ஐறீன் உள்ளே சவப்பெட்டியில் கிடக்க, மனுசன் தட்டோடு திரிகிறாரே என்று மகள் பேர்ணடெற்றுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஓடிப்போய்த் தட்டை வாங்கினாள்.

"டடி, உள்ளுக்கு வந்து மம்மிக்குப் பக்கத்தில இருங்கோ."

"இருக்கட்டும் பிள்ள. அங்க கதிரை இல்ல."

கதிரை இருந்தது. பெட்டியின் தலைமாட்டில், புருசன் இருக்கவேண்டிய இடத்தில், கிளெமென்ற் மாஸ்டர் இருந்தார். மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர். ஒரு காலத்தில் அவருடைய இசைக்குழுவில் பாடித்தான் ஐறீன் கொழும்பு முழுக்கப் பேர் எடுத்தாள். இப்போது வெள்ளைக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் அந்தத் தொலைக்காட்சிப் படத்தால் வந்த வினை.

ஐறீனின் வாழ்க்கையைப் படமாக்கப் போகிறோம் என்று போன வருடம் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தபோது, அவள் ஒன்றையும் ஒளிக்கவில்லை. பாட்டுப் பிசகினால் மாஸ்டர் ஒத்திகை அறையைப் பூட்டிவிட்டு அடித்ததைச் சொன்னாள். சிகரெட்டால் மேல்கையில் சுட்டதைச் சொன்னாள். அந்த வடுக்கள் தெரியாமல் மேடைக்கு நீளக்கைச் சட்டை தைத்துத் தந்த தையல்காரனையே கட்டிக்கொண்டதையும் சிரித்துக்கொண்டு சொன்னாள். கேட்டுக்கொண்டு போனவர்கள் கொஞ்ச நாள் கழித்துத் தலையைச் சொறிந்தபடி திரும்பி வந்தார்கள். மாஸ்டரின் மருமகன் அவர்களுக்குப் பெரிய விளம்பரங்கள் கொடுக்கிறவராம். அடித்தது கணவன் என்று மாற்றினால்தான் படம் வெளியே வருமாம்.

"அப்ப படமும் வேணாம், மண்ணும் வேணாம்" என்றாள் ஐறீன்.

நாகேந்திரம்தான் விடவில்லை. "போடட்டும் ஐறீன். உனக்கு நடந்தது நடந்ததெண்டு சனம் அறியட்டும். நான் ஒரு தையல்காரன். என்னை ஆர் பாக்கப் போயினம்?"

எல்லோரும் பார்த்தார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? படம் தொலைக்காட்சியில் போன மறுநாளே தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஐறீன் வீடு வீடாகப் போய், "இவர் என்னில ஒரு நாளும் கை வைச்சதில்ல" என்று சொன்னாள். அடிபட்ட பெண் அப்படித்தான் சொல்லுவாள் என்று கொட்டாஞ்சேனைச் சனம் அவளுக்காக இன்னும் கொஞ்சம் இரங்கியது. மாஸ்டரின் பெயரை அவள் சொல்லவில்லை. தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அவர்தான் ஞானஸ்நானத்தில் நின்ற ஞானத்தகப்பன். "இவர் இல்லையெண்டதையே நம்பாத சனம், மாஸ்டர் எண்டா நம்புமா?" என்று மகளிடம் கேட்டாள். போன கிழமை நெஞ்சு நோகிறது என்று படுத்தவள் எழும்பவில்லை.

சாவீட்டில் அடுப்பு மூட்டாததால் தேநீர் எல்லாம் பக்கத்து வீட்டு மர்லியாதான் ஊற்றிக் கொண்டுவந்தாள். சமையலறை வாசலில் பேர்ணடெற்றின் கையைப் பிடித்தாள்.

"மகள், ஒண்டு சொல்றன், கோவிச்சிக்க வாணாம். அந்தப் படத்த பாத்ததுக்குப் பொறகு ஒங்கட டடிட மொகத்த பாக்க எனக்கு ஏலாம ஈக்கிது. ஒங்களுக்காகத்தான் வந்தேன்."

மர்லியா நல்ல மனுசி. அதுதான் பேர்ணடெற்றுக்குக் கூடுதலாக வலித்தது.

வடக்கில் நடந்த சண்டையால் பாதை பூட்டியிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து நாகேந்திரத்தின் ஆட்கள் ஒருவரும் வர முடியவில்லை. தமையன் தொலைபேசியில் அழுதுவிட்டு வைத்தார். ஆகவே காரியங்களை நடத்தியது ஐறீனின் அண்ணன் லூயிஸ் மாமா. வழியில் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன, இருட்டுவதற்குள் மாதம்பிட்டி மயானத்துக்குப் போய்த் திரும்பவேண்டும் என்று எல்லோரையும் அவசரப்படுத்தினார். சுவாமியார் செபம் முடித்தார். பெட்டியை மூடியாயிற்று. வாகனம் வாசலுக்கே வந்தாலும் அந்தக் குடும்பத்தில் பெட்டியைச் சந்தி வரை தோளில்தான் கொண்டுபோவார்கள். தலைமாட்டில் ஒரு பக்கம் சகோதரன், மறுபக்கம் புருசன்.

"தலைமாட்டுக்கு மாஸ்டர் வாங்கோ" என்றார் மாமா. "மற்றப் பக்கம் நான். நாகேந்திரம், நீங்க பின்னால நடந்து வாங்கோ."

"ஓம்" என்று தலையாட்டினார் நாகேந்திரம். சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார்.

அந்த 'ஓம்' பேர்ணடெற்றால் தாங்க முடியாததாக இருந்தது. மாஸ்டர் பெட்டியின் பிடியில் கை வைத்ததும் போய் முன்னால் நின்றாள்.

"மாஸ்டர், கைய எடுங்கோ."

"என்ன மகள்?"

"மம்மிக்கு அடிச்சது டடி இல்ல. நீங்க. சுட்டதும் நீங்க. மம்மிய நீங்க தூக்கக்கூடாது."

வாசலில் இருந்தவர்கள் எழும்பி உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "பிள்ள, சாவீட்டில என்ன கதை இது?" என்று மாமா அதட்டினார். சுவரோரத்திலிருந்து நாகேந்திரம், "விடு பேர்ணடெற்" என்று மெதுவாகச் சொன்னார்.

மாஸ்டர் பேசாமல் இருந்திருந்தால், தாய் செத்த துக்கத்தில் பிள்ளை பிதற்றுகிறாள் என்று கதை முடிந்திருக்கும். ஆனால் மனுசன் வாழ்நாளில் பேசாமல் இருந்ததில்லை. கோயிலில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கும் அதே குரலில், பொறுமையாக விளக்கினார்.

"லூயிஸ், அந்தக் காலத்தில எல்லா இடத்திலயும் அப்பிடித்தான் பழக்கினது. கண்டிப்பு இல்லாம சுருதி வருமா? அவளுக்குப் பேர் வந்ததே அதாலதானே."

மர்லியா முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று மாஸ்டருக்கு விளங்கியதாகத் தெரியவில்லை. கை இன்னும் பிடியிலேயே இருந்தது. லூயிஸ் மாமா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு குனிந்து, அந்தக் கையைப் பிடியிலிருந்து எடுத்துவிட்டார்.

"நேரமாகுது. நாகேந்திரம், வாங்கோ."

நாகேந்திரம் உடனே வரவில்லை. முகத்தை இரண்டு கையாலும் துடைத்தார். பிறகு வந்து தோள் கொடுத்தார். மாமா நல்ல உயரம், நாகேந்திரம் கட்டை. தூக்கியதும் பெட்டி அவர் பக்கமாகச் சரிந்தது. பின்னால் பிடித்தவர்கள், "பாத்து, பாத்து" என்றார்கள்.

மாமா முழங்காலை மடித்து, முதுகைக் கூனி, பெட்டி மட்டமாகும் வரை தன் தோளை இறக்கினார். சந்தி வரைக்கும் அப்படியே நடந்தார்.