பின்பலகையில் மாமனார்

வீட்டோடு மாப்பிள்ளை என்று கேலி பேசுவார்கள். இவன் கடையோடும் மாப்பிள்ளை. மேலே வீடு, கீழே மாமனாரின் மூக்குக்கண்ணாடிக் கடை. ஒடுக்கமான ஒரே மேஜை. இந்தப் பக்கம் இவன் கண்ணாடியைத் தேய்ப்பான், அந்தப் பக்கம் மாமனார் அதை ஃபிரேமில் பொருத்துவார். நடுவில் ஒரு விளக்கு. நிமிர்ந்தால் மாமனார் முகம். குனிந்தால் மட்டும் விட்டுவிடுவாரா? கண் சிவந்திருக்கிறதே, தூங்கவில்லையா என்பார். ஊரார் கண்ணையெல்லாம் பார்த்துப் பழகிய மனிதர், மாப்பிள்ளை கண்ணையா விட்டுவைப்பார்? தங்கமான மனிதர். அதுதான் வம்பே. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு தப்பித்திருப்பான்.

அவன் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை தூண்டிலை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகவேண்டும், தன் முகத்தை யாரும் பார்க்காமல் அரை நாள் உட்காரவேண்டும். கரையில் உட்கார்ந்தும் பார்த்தான். கடைக்கு வருகிறவர் யாராவது பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, கண்ணாடியில் கீறல் விழுந்த கதையை ஆரம்பித்துவிடுவார். அதனால்தான் படகு. அதிலும் பிராம் என்கிற குட்டிப் படகு. முன்பக்கம் கூராக இல்லாமல் வெட்டிவிட்ட மாதிரி சப்பையாக இருக்கும். ஏரிக்கும் ஆகும், வேகமில்லாத ஆற்றுக்கும் ஆகும். ஒரே ஆள் தூக்கி வண்டி மேல் கட்டிவிடலாம். முக்கியமான விஷயம், இரண்டாவது ஆள் ஏறினால் நெருக்கும்.

மனைவியிடம் சம்மதம் வாங்கும்போதுதான் வேண்டாத ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டான். மாமாவுக்கும் ஒரு மாறுதலாக இருக்கும் என்றான். மாமனாருக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். பாலத்தில்கூட ஓரமாக நடக்கமாட்டார். அவர் எங்கே வரப்போகிறார் என்ற தைரியம். மனைவி உருகிப்போய் அப்பாவிடம் ஓடினாள். மறுநாள் மேஜைக்கு அந்தப் பக்கம் மாமனார் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடி கழற்றித் துடைத்தார்.

"என்னை யாரும் எங்கயும் கூப்பிட்டதில்ல மாப்ளே. பயமாத்தான் இருக்கு. ஆனா நீ கூப்பிட்டியே."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

படகுக் கடைக்கு மாமனார் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். கடைக்குப் பின்னால் திறந்த முற்றத்தில் படகுகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மாமனாருக்கு அகலமான ஒன்று பிடித்துப்போயிற்று. இவன் இருப்பதிலேயே சின்னதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அதைப் பார்த்தாவது மனிதர் பயந்து பின்வாங்க மாட்டாரா என்ற நப்பாசை. இது கவிழுமா என்று மாமனார் கேட்டார். படகுக்காரர் நல்ல மனசுக்காரர், பாவி. அடி தட்டை, ஒழுங்காக உட்கார்ந்தால் இரண்டு பேர் தாராளமாகப் போகலாம் என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

சரி, போகட்டும், மாமனார் பின்னால்தானே இருப்பார் என்று இவன் தன்னையே தேற்றிக்கொண்டான். அவர் பார்க்கப்போவது முதுகை. முகமாவது மிஞ்சும்.

உட்கார்ந்து பார்த்துவிடுங்கள் என்று படகுக்காரர் அந்தச் சின்னப் படகை நிமிர்த்தி மண்தரையில் வைத்தார். மாமனார் பின்பலகையில் பத்திரமாக அமர்ந்தார். இவன் நடுப்பலகையில் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து துடுப்புகளைப் பிடித்தான். படகுக்காரர் சிரித்துவிட்டார்.

"அப்படி இல்ல தம்பி, திரும்பி உக்காருங்க. துடுப்பு போடறவர் பின்பக்கம் பாத்துத்தான் உக்காரணும்."

அவன் அசையவில்லை. போகிற வழி எப்படித் தெரியும் என்று கேட்டான். பின்னால் இருப்பவர் பார்த்துச் சொல்வார் என்று பதில் வந்தது. மாமனார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார்.

திரும்பினான். முழங்காலோடு முழங்கால் இடித்தது. கடையிலாவது நடுவில் மேஜை இருந்தது, தேய்க்க ஒரு கண்ணாடி இருந்தது. இங்கே அதுவும் இல்லை. வாழ்நாள் முழுக்க வரப்போகிற ஞாயிற்றுக்கிழமைகள் எதிரே உட்கார்ந்து சிரித்தன. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டான்.

"மாமா, நான் வந்து... தனியா போகலாம்னுதான்..."

"தனியாவா? அதெப்படி விடுவேன்?" மாமனார் அவன் முழங்காலைத் தட்டினார். "எனக்குப் பயமே போயிடுச்சு மாப்ளே. உன் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா தண்ணி ஞாபகமே வராது."

அவன் துடுப்புகளை இழுத்தான். அவை மண்ணைக் கீறின. படகு இருந்த இடத்திலேயே இருந்தது. மாமனார் முன்னால் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"என்ன, கண்ணு கலங்குது?"

தூசி என்றான். மாமனார் சட்டைப்பையிலிருந்து கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து நீட்டினார்.