பொட்டு வைத்த இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வரை கீர்த்தனாவை எனக்குப் பிடிக்காது. இனிமேல் அவளை வாயாரப் புகழப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

திண்டுக்கல் பேகம்பூரில் எனக்குத் தோல் கடை. லீவு நாளில் ஈஸ்வரன் அண்ணனின் இன்னிசைக் குழுவில் கிதார் வாசிப்பேன். பதினோரு வருடமாக லீட், அதாவது முதல் கிதார், நான்தான். கீர்த்தனா சின்னாளப்பட்டிப் பெண், இரண்டாவது கிதாருக்கு வந்து பத்து மாதம்தான் ஆகியிருந்தது. அப்போது பார்த்து அண்ணன், கிதார் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும் மூன்று சேனல் ஆம்ப் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்தார்.

"ஆம்ப் ஒண்ணு, லீட்டும் ஒண்ணு" என்றார். "ஞாயித்துக்கெழம செம்பட்டிக் காதணி விழாவுல, கச்சேரிக்கு முன்னாடி ரெண்டு பேரும் வாசிங்க. யாருக்கு நல்லா வருதோ அவங்க லீட். மத்தவங்க பாட்டுக்கு அடியில ரிதம்."

வீட்டுக்கு வந்து என் மனைவி ஃபர்ஹீனிடம் குதித்தேன். "ரிதம்னா என்னங்க, அதுவும் கிதார்தானே?" என்று கேட்டுவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள். அவளிடம் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. ஒவ்வொரு கச்சேரி முடிந்தும், "நான் எப்படி வாசிச்சேன்?" என்று கேட்பேன். "கச்சேரி நல்லா இருந்துச்சுங்க" என்பாள். நான் கேட்டது கச்சேரியை இல்லையே!

மேடையில் என் கிதார் யாருக்கும் கேட்பதில்லை. அதற்குக் காரணம் கீபோர்டு வாசிக்கும் ரொனால்டு என்று பதினோரு வருடமாக நம்பினேன். இரண்டு கையாலும் அமுக்கி என்னை மூடிவிடுகிறான் என்று அவனோடு வேனில் ஒரே சீட்டில்கூட உட்கார மாட்டேன்.

அண்ணன் வாங்கிய புது ஆம்பில் முதல் சேனல் தெளிந்த சத்தம், இரண்டாவது கரகரப்பு, மூன்றாவது சோலோவுக்கு நீண்டு அழுகிற சத்தம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து குமிழ், ஆக மொத்தம் பதினைந்து. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே வித்தைதான்: அடிச்சத்தமான பாஸ் முழுக்க, மேல்சத்தமான டிரெபிள் முழுக்க, நடுவில் இருக்கும் மிடில் பூஜ்யம். வீட்டில் தனியாக வாசித்தால் அது மலை மாதிரி கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை எட்டரைக்கு நான் மண்டபத்துக்குப் போனபோது கீர்த்தனா ஆம்புக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கம்பியைத் தட்டுவாள், ஒரு குமிழை இத்தனூண்டு திருப்புவாள், மண்டபத்தின் தகரக் கூரையை அண்ணாந்து பார்ப்பாள். மறுபடி தட்டுவாள். ஓரிடம் வந்ததும் அட்டையிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டை உரித்து, குமிழின் ஓரத்தில் ஒட்டுவாள். முதல் சேனலுக்குப் பச்சை, அடுத்ததற்கு மெரூன், மூன்றாவதற்குக் கறுப்பு. எல்லாம் ஒட்டி முடித்ததும் குமிழ்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு டிபன் சாப்பிடப் போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பரீட்சைக்கு வந்த பிள்ளை விடைத்தாளை விரித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறதே! சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பதினைந்து குமிழையும் நூல் பிசகாமல் பொட்டுக்கு நேராக வைத்தேன். எங்கள் வீட்டில் பொட்டுப் பழக்கம் இல்லை. பொட்டு என்றால் சரியான இடத்தில்தான் வைப்பார்கள் என்று நினைத்தேன்.

"அண்ணே, நானே மொதல்ல வாசிக்கிறேன்" என்றேன் பெருந்தன்மையாக.

முதல் சேனலில் பல் கூசியது. இரண்டாவதில் பந்திக்கு அடுக்கி வைத்திருந்த தட்டெல்லாம் நடுங்கின. மூன்றாவதற்கு மாறக் காலடி சுவிட்சை மிதித்தேன். கம்பியில் கையே வைக்கவில்லை, ஆம்ப் வீல் என்று அலறியது. ஆசாரி இன்னும் ஊசியைக்கூட எடுக்கவில்லை, காது குத்த வேண்டிய குழந்தை அதற்குள் வீறிட்டு அழுதது. ஈஸ்வரன் அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். ரொனால்டு முகத்தில் பதினோரு வருடச் சந்தோஷம்.

சட்னிக் கையோடு கீர்த்தனா ஓடி வந்து இடது கையால் சத்தத்தைக் குறைத்தாள்.

"அண்ணே, பொட்டுல கொண்டுபோயா வச்சீங்க?"

"நீதானே ஒட்டிட்டுப் போன?"

"அது நிக்கிற இடம் இல்லண்ணே, சத்தம் கெட்டுப்போற இடம். இந்த மண்டபத்துல இதத் தொட்டா காது கிழிஞ்சிரும்னு ஒட்டுனது. அதுக்கு உள்ளாற எங்க நிக்கணும்கிறத வாசிக்கிறவங்க கைகிட்டதான் கேக்கணும்."

பதினைந்து தப்பு. ஒன்றுகூட விட்டுப்போகாமல் அத்தனையையும் செய்திருந்தேன்.

அவள் அப்படியே இட்லிக்குத் திரும்பிப் போயிருக்கலாம். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் போயிருப்பேன், இரண்டாவது வடையும் கேட்டு வாங்கியிருப்பேன். அவளோ கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"செத்த நேரம் வாசிங்கண்ணே. உங்களுக்குப் பிடிச்சது எதுவா இருந்தாலும் சரி."

வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு குமிழாகத் திருப்பினாள். மிடிலில் கை வைத்ததும் நான் நிறுத்தினேன்.

"அதத் தொடாத. அத நான் பூஜ்யத்துலதான் வைப்பேன்."

"எம்புட்டு வருஷமாண்ணே?"

"பதினோரு வருஷமா."

அவள் சிரிக்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம். "நீங்க கம்பிய மெதுவாத் தொடுறீங்கண்ணே" என்றாள். "அந்த மெதுவு பூரா மிடில்லதான் இருக்கு. அத எடுத்துட்டா அப்பறம் யாருக்குக் கேக்கும்?"

குமிழ் பாதியைத் தாண்டி நின்றது. சத்தம் கூடவில்லை. ஆனால் என் கட்டைவிரல் கம்பியைத் தொடுவது எனக்குக் கேட்டது. ரொனால்டு வழக்கம்போல இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தான். அதையும் மீறிக் கேட்டது. அவன் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினான்.

"ஏலே ஹாமித்து, இது நீயா?"

அவனோடு போட்ட சண்டையெல்லாம் ஒரு குமிழுக்காகவா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகு கீர்த்தனாவின் முறை. எனக்காக வைத்ததையெல்லாம் கலைத்து, தன் கைக்கு வேறு மாதிரி இரண்டே நிமிடத்தில் வைத்தாள். ஒரு குமிழ்கூட எனக்கு நின்ற இடத்தில் நிற்கவில்லை. வாசிக்கத் தொடங்கினாள். சேனல் மாறும்போது சத்தம் எகிறவும் இல்லை, படுக்கவும் இல்லை. பேச்சு, கோபம், அழுகை மூன்றும் ஒரே ஆளின் குரலில் வந்தன. அப்படி ஒரு கிதாரை நான் பக்கத்தில் நின்று கேட்டதே இல்லை. கண் கலங்கியது, தூசி விழுந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஈஸ்வரன் அண்ணன் பிடரியைச் சொறிந்துகொண்டு என்னைப் பார்த்தார். என்னிடம் எப்படிச் சொல்வதென்று அவர் தவிப்பது தெரிந்தது.

"லீட் அந்தப் பிள்ளைதாண்ணே" என்றேன். சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அது நிஜம்.

பதினோரு மணிக் கச்சேரிக்கு என் பழைய ஆம்பை எடுத்து ஓரமாக வைத்தேன். கீர்த்தனா கேட்காமலேயே பொட்டு அட்டையை என்னிடம் நீட்டினாள். கெடுகிற இடத்தை நானே தேடி ஒட்டினேன். மிடிலை என் காதை நம்பி நிறுத்தினேன். அன்று முழுக்க ரிதம் வாசித்தேன். கச்சேரி கேட்க வந்த ஃபர்ஹீன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நாலு மணிக்கு இருவரும் பைக்கில் திண்டுக்கல்லுக்குத் திரும்பினோம். எப்படி வாசித்தேன் என்று அன்று நான் கேட்கவில்லை. லீட் போன விஷயத்தை எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். பின்னால் ஃபர்ஹீன் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். எந்தப் பாட்டு என்று பிடிபடவில்லை. பாடகர்கள் பாடிய மெட்டு இல்லை. நாலு ஸ்வரம் ஏறி இறங்கி, மறுபடி ஏறியது. இரண்டாவது பாட்டுக்கு அடியில் நான் வாசித்த ரிதம் அது.

"என்னது ஃபர்ஹீன் அது?"

"தெரியலைங்க. வாயில ஒட்டிக்கிச்சு. யார் வாசிச்சது, ரொனால்டு அண்ணனா?"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"நான்தான்" என்றேன். "இன்னொரு தடவ பாடு."